ஆன்மிகமா? பகுத்தறிவா? – நடத்தைக்கு எது நல்ல வழிகாட்டி?

தேர்வு நாள் காலை. கல்லூரிக்கு எதிரில் இருக்கும் பிள்ளையார் கோயிலில் அன்றைக்கு மட்டும் திருவிழாக் கூட்டம். ஹால் டிக்கெட்டைப் பிள்ளையார் காலடியில் வைத்து எடுப்பவர்கள், அவசர அவசரமாகத் தோப்புக்கரணம் போடுபவர்கள், பாஸானால் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொள்பவர்கள்... அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு மாணவன் நெற்றி நிறைய விபூதியோடு வெளியே வருகிறான். அவனுடைய முழுக்கைச் சட்டையின் மடிப்புக்குள் காஸ்ட் அக்கவுண்டிங் ஃபார்முலாக்கள் பொடி எழுத்தில் பத்திரமாக இருக்கின்றன.

வாசலில் நிற்கும் இன்னொரு மாணவன் அவனைப் பார்த்துச் சிரிக்கிறான். "ஏன்டா, கல்லு வந்து உனக்கு மார்க் போடுமா?" என்று கேட்கிறான். அவனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. எதையும் ஏன், எதற்கு என்று கேட்பவன். அவன் பாக்கெட்டிலும் பிட் இருக்கிறது!

இருவரும் ஒரே ஹாலுக்குள் போகிறார்கள். ஒருவனுக்கு ஆன்மிகம், இன்னொருவனுக்குப் பகுத்தறிவு. இரண்டுமே அந்த மூன்று மணி நேரம் வெளியே செருப்போடு சேர்த்து விடப்படுகின்றன. பட்டிமன்ற மேடைகளில் "மனிதனை நல்வழிப்படுத்துவது ஆன்மிகமா, பகுத்தறிவா?" என்று காலம் காலமாக வாதாடுகிறார்கள். நடுவர் கடைசியில் "இரண்டும் தேவை" என்று சொல்லி முடித்துவிடுவார். கேட்டவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அடுத்த தேர்வில் மறுபடியும் பிட் இருக்கும்.

அப்படியென்றால் தவறு எங்கே இருக்கிறது?

சோதித்துப் பார்த்தவர்கள்

இந்தக் கேள்வியை மேடையில் வைக்காமல் தெருவில் வைத்துச் சோதித்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை வைத்து ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் செய்த ஆய்வு 1973-ல் வெளியானது. எல்லோரும் மதப்பணிக்குப் படிப்பவர்கள். அவர்களிடம் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்தச் சொன்னார்கள். பாதிப் பேருக்குத் தலைப்பு, பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதை. அடிபட்டு வழியில் கிடந்தவனை மதகுருக்கள் கண்டும் காணாமல் கடந்துபோக, அந்நியன் ஒருவன் நின்று உதவிய கதை அது.

போகும் வழியில் ஒரு சந்தில் ஒரு மனிதர் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் இருந்தார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். எத்தனை பேர் நின்றார்கள்? நிறைய நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். சரியான நேரத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களில் 45 சதவீதம். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் வெறும் 10 சதவீதம்! உதவுவதைப் பற்றிப் பேசவே போய்க்கொண்டிருந்தவர்கள்கூட அந்த மனிதரைத் தாண்டிப் போனார்கள். எதைப் பற்றிப் பேசப் போகிறார்கள் என்பது பெரிய வித்தியாசத்தைக் காட்டவில்லை. கடிகாரம்தான் வித்தியாசத்தைக் காட்டியது.

"பார்த்தீர்களா, ஆன்மிகம் தோற்றது" என்று பகுத்தறிவுக் கட்சி துள்ளிக் குதிக்கலாம். கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

எது சரி, எது தவறு என்று தர்க்கப்படி ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் அறவியல் பேராசிரியர்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் எரிக் ஷ்விட்ஸ்கேபெல் என்ற தத்துவப் பேராசிரியர் தன் துறைக்காரர்களையே ஆராய்ந்தார். 2009-ல் வெளியான அவருடைய ஆய்வின்படி, நூலகங்களிலிருந்து காணாமல் போகும் தத்துவப் புத்தகங்களில், இக்கால அறவியல் புத்தகங்கள் மற்றவற்றைவிடச் சுமார் 50 சதவீதம் அதிகமாகக் காணாமல் போயிருந்தன. எது திருட்டு என்று விளக்கும் புத்தகம்தான் திருட்டுப் போகிறது! ஜோஷுவா ரஸ்டோடு சேர்ந்து 2014-ல் அவர் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், பாலூட்டிகளின் இறைச்சியை வழக்கமாகச் சாப்பிடுவது தவறு என்று 60 சதவீத அறவியல் பேராசிரியர்கள் சொன்னார்கள். ஆனால் முந்தைய நாள் இரவு உணவில் இறைச்சி சாப்பிட்டதாக 37 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். மற்ற துறைப் பேராசிரியர்களோடு ஒப்பிட்டால் தட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. கருத்து மாறியிருந்தது, சாப்பாடு மாறவில்லை.

மூன்றாவதாக ஒரு ஆய்வு, மொராக்கோ நாட்டின் மராகேஷ் நகரத்தில் நடந்து 2015-ல் வெளியானது. அங்கே கடைக்காரர்களிடம் ஒரு கேள்வி. கொஞ்சம் பணத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம், அல்லது அதைவிடப் பெரிய தொகையைத் தர்மத்துக்குக் கொடுக்கச் சொல்லலாம். மசூதியிலிருந்து பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தபோது கேட்கப்பட்ட அத்தனை பேரும் முழுத் தொகையையும் தர்மத்துக்கே கொடுத்தார்கள். பாங்கு ஒலிக்காத நேரத்தில் அப்படிச் செய்தவர்கள் 59 சதவீதம். அதே ஊர், அதே மதம், அதே நம்பிக்கை. காதில் விழும்போது ஒரு மாதிரி, விழாதபோது ஒரு மாதிரி.

இந்த மூன்றையும் சேர்த்து வைத்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. ஒருவர் எந்தக் கொள்கையை நம்புகிறார் என்பது ஒன்று. அந்தக் கொள்கை அந்த நிமிடத்தில் விழித்திருக்கிறதா என்பது வேறொன்று.

அறிவு வக்கீலாகும்போது

வணிகவியல் படிப்பவர்கள் யாரும் மறக்க முடியாத தேதி 2009 ஜனவரி 7. அன்றுதான் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய பணத்தில் பெரும்பகுதி இல்லவே இல்லை என்று கடிதம் எழுதினார். இல்லாத ரொக்க, வங்கி இருப்பு மட்டும் 5,040 கோடி ரூபாய். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான், 2008 செப்டம்பரில், சிறந்த நிர்வாக நெறிக்கான கோல்டன் பீகாக் விருது அந்த நிறுவனத்துக்குக் கிடைத்திருந்தது. நிறுவனத்தின் பெயருக்கே அர்த்தம் உண்மை! 2015-ல் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று அறிவித்து ஏழு ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. பிறகு மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

அந்தக் கணக்கை எழுதியவர்கள் முட்டாள்கள் அல்ல, கூட்டல் கழித்தலில் கெட்டிக்காரர்கள். ஆரம்பத்தில் சிறியதாக இருந்த இடைவெளி வருஷா வருஷம் பெருத்துக்கொண்டே போனது என்று அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. சின்ன இடைவெளியை மறைக்க ஒரு காரணம் கிடைத்திருக்கும். அதை மறைக்க அடுத்த காலாண்டில் இன்னொரு காரணம். இதுதான் அறிவுக்கு உள்ள பெரிய ஆபத்து. நீதிபதியாக உட்கார வேண்டிய அறிவு, ஆசைக்கு வக்கீலாகப் போய்விடும். ஃபீஸ்கூட வாங்காத வக்கீல்! பிட் அடிக்கும் மாணவனைக் கேட்டாலும் இதே வக்கீல்தான் பேசுவார். "மனப்பாடம் செய்வது அறிவா? இந்தத் தேர்வு முறையே தவறு. எல்லோரும்தான் அடிக்கிறார்கள்." ஒவ்வொன்றும் கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

நம்பிக்கை சறுக்கும்போது

ஆன்மிகத்துக்கும் இதே சறுக்கல் உண்டு. சாதாரண ஆளிடம் இல்லை, காந்தியிடமே உண்டு.

1934 ஜனவரி 15 அன்று பீகாரிலும் நேபாளத்திலும் பெரும் பூகம்பம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காந்தி அப்போது தீண்டாமைக்கு எதிராகத் தென்னிந்தியாவில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில், அந்தப் பூகம்பம் தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று பேசினார்.

தாகூர் அதிர்ந்துபோனார். அவரும் தீண்டாமையை எதிர்த்தவர்தான். ஆனால் இயற்கையின் நிகழ்வுக்கு ஒழுக்கக் காரணம் கற்பிப்பது அறிவுக்குப் புறம்பானது என்று கண்டித்து எழுதினார். இதே வாதத்தைப் பயன்படுத்தி, காந்தியின் சீர்திருத்தத்தால்தான் பூகம்பம் வந்தது என்று எதிர்த்தரப்பும் சொல்லலாமே என்றும் கேட்டார். எவ்வளவு சரியான கேள்வி! இடிபாடுகளுக்குள் செத்தவர்களில் தீண்டாமைக் கொடுமையை அனுபவித்தவர்களும் இருந்திருப்பார்களே, அவர்கள் எந்தப் பாவத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள்?

காந்தி தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்று செய்தார். தாகூரின் கண்டனத்தைத் தன்னுடைய ஹரிஜன் பத்திரிகையிலேயே வெளியிட்டார், கூடவே தன் பதிலையும். தன்னைத் திட்டும் கட்டுரைக்குத் தன் பத்திரிகையிலேயே இடம் கொடுக்கிற பழக்கம் சாதாரணமானது அல்ல. அந்தப் பழக்கம் இன்னும் பத்து வருடம் கழித்து அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் முக்கியமான கதை.

ஒரு நாத்திகரும் ஒரு மகாத்மாவும்

கோரா என்று அழைக்கப்பட்ட கோபராஜு ராமச்சந்திர ராவ் 1902-ல் ஒரு தெலுங்கு பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் கொஞ்ச காலம் பாடம் நடத்தியவர். நாத்திகத்தை வெளிப்படையாகப் பேசியதால் 1933-ல் காக்கிநாடாவில் அவருடைய கல்லூரி வேலை போனது. பிறகு மச்சிலிப்பட்டினத்தில் கிடைத்த வேலையும் நிலைக்கவில்லை. 1940-ல் கிருஷ்ணா மாவட்டத்தில் முதுனூரு என்ற கிராமத்தில் நாத்திக மையத்தைத் தொடங்கினார். 1947-ல் அது விஜயவாடாவுக்கு மாறியது.

கோராவும் அவர் மனைவி சரஸ்வதியும் வெறும் பேச்சோடு நிற்கவில்லை. கிரகணத்தின்போது கர்ப்பிணிப் பெண்கள் வெளியே வரக்கூடாது என்ற பயத்தைப் போக்க, அவர்களை வெளியே அழைத்து வந்தார்கள். தீமிதிக்கும் சாமிக்கும் சம்பந்தமில்லை என்று காட்டத் தாங்களே தீயில் நடந்தார்கள். எல்லாச் சாதிக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் சமபந்தி விருந்துகள் நடத்தினார்கள். உப்புச் சத்தியாகிரகம் நடந்த 1930-ல் பிறந்த மகனுக்கு லவணம் என்றே பெயர் வைத்தார்கள். உப்பு என்று அர்த்தம்.

இந்த நாத்திகர் 1944-ல் காந்தியைச் சந்திக்க சேவாகிராமத்துக்குப் போனார். காலையும் மாலையும் பிரார்த்தனை நடக்கும் ஆசிரமம் அது. காந்தி அவரைத் துரத்தவில்லை, மாற்றவும் முயற்சி செய்யவில்லை. கிராமத்தில் என்ன வேலை செய்கிறார், அதனால் தீண்டாமை குறைகிறதா என்று விசாரித்தார். இருவரும் நிறையப் பேசினார்கள். யாரும் யாரையும் ஜெயிக்கவில்லை.

பிறகு கோரா தன் மூத்த மகளைத் தாழ்த்தப்பட்ட சாதி என்று சொல்லப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஓர் இளைஞருக்குத் திருமணம் செய்து கொடுக்க முடிவு செய்தார். காந்தி அதைச் சேவாகிராமத்தில் தானே நடத்தி வைப்பதாகச் சொன்னார். ஒரு சிக்கல் வந்தது. ஆசிரமத்துத் திருமணம் கடவுளின் பெயரால் நடப்பது. மணப்பெண் வீட்டாரோ நாத்திகர்கள். காந்தி அந்தச் சொல்லை விட்டுக்கொடுத்தார். கடவுளின் பெயரால் என்பதற்குப் பதிலாக உண்மையின் பெயரால் என்று சொல்வதாக ஏற்றுக்கொண்டார்.

அந்தத் திருமணத்தைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1948 ஜனவரி 30 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் கொடுத்த வாக்குப்படி, அதே ஆண்டு மார்ச் மாதம் சேவாகிராமத்திலேயே அந்தத் திருமணம் நடந்தது.

யார் எதைக் கொடுத்தார்கள்?

இந்தக் கதையை மேலோட்டமாகப் பார்த்தால் 'இரண்டும் தேவை' என்ற பட்டிமன்றத் தீர்ப்பு மாதிரிதான் தெரியும். ஆனால் கணக்குப் படிப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இதில் யாருக்கு என்ன செலவு?

காந்தி 1920களின் தொடக்கத்தில் சாதிக்குள்ளேயே சாப்பாடு, சாதிக்குள்ளேயே கல்யாணம் என்ற கட்டுப்பாடுகளை ஆதரித்து எழுதியவர். அதுவும் ஆன்மிகத்தின் பெயரால்தான்! அதே மனிதர் 1946 வாக்கில், தாழ்த்தப்பட்டவரும் மற்ற சாதியினரும் செய்துகொள்ளும் திருமணங்களை மட்டுமே சேவாகிராமத்தில் நடத்துவது என்ற நிலைக்கு வந்தார். சுமார் இருபத்தைந்து ஆண்டுகளில் தன்னுடைய பழைய கருத்தைத் தானே அடித்துத் திருத்தினார். கடவுளே உண்மை என்று சொல்லிவந்தவர், பிற்பாடு உண்மையே கடவுள் என்று மாற்றிச் சொன்னார். வெறும் சொல் விளையாட்டாகத் தோன்றிய அந்த மாற்றம்தான், பிறகு ஒரு நாத்திகர் வீட்டுத் திருமணத்துக்கு வாசலைத் திறந்துவிட்டது.

கோரா என்ன கொடுத்தார்? வேலையைக் கொடுத்தார், சாதி தந்த மரியாதையைக் கொடுத்தார். சாதி பொய் என்பதைத் தர்க்கத்தால் நிரூபிக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்த நிரூபணத்தைத் தன் வீட்டுக் கல்யாணத்தில் நடத்திக்காட்டத் தர்க்கம் மட்டும் போதாது. அந்தக் காலத்தில் ஊரே ஒதுக்கிவைக்கும் என்று தெரிந்தும் அதைச் செய்ய, மனதில் வேறு ஏதோ ஒரு உறுதி வேண்டும். ஆன்மிகவாதிகள் அதற்கு ஒரு பெயர் வைப்பார்கள், கோரா வேறு பெயர் வைத்திருப்பார்.

இங்கே நம் ஊர் நிலவரத்தை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. எல்லா உயிரிலும் ஈசன் இருக்கிறான் என்று உருகுபவர் வீட்டிலும், கல்யாணப் பேச்சு வந்தால் முதல் கேள்வி "அவங்க என்ன ஆளுங்க?" என்பதுதான். சாதி ஒழிக என்று மேடையில் முழங்குபவர் வீட்டிலும் அதே கேள்விதான், கொஞ்சம் மெதுவான குரலில். காதலித்தவர்கள் சாதிக்காக வெட்டிக் கொல்லப்படும் செய்தி இந்தத் தமிழ்நாட்டில் இன்றும் வருகிறது. கொன்றவர்களில் எத்தனை பேர் சாமி கும்பிடாதவர்கள்? அதே சமயம், அதைக் கேள்விப்பட்டு ஆவேசமாகப் பேசிவிட்டுத் தன் வீட்டில் சாதி பார்த்தே பெண் எடுத்தவர்களில் எத்தனை பேர் பகுத்தறிவாளர்கள்? நடத்தை தெரியும் இடம் அந்தக் கல்யாணப் பத்திரிகைதான். புத்தக அலமாரியும் பூஜை அறையும் அப்புறம்தான்.

தணிக்கைப் பாடத்தில் ஒரு எளிய விதி உண்டு. வங்கியில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதற்கு நிறுவனம் கொடுக்கும் காகிதத்தை மட்டும் நம்பக்கூடாது. வங்கியிடமே நேரடியாகக் கேட்டு உறுதி செய்ய வேண்டும். தன் கணக்கைத் தானே சரிபார்த்துக்கொள்பவனுக்கு எப்போதும் கணக்கு சரியாகவே வரும். சத்யம் விஷயத்தில் கோட்டைவிட்டது இந்த இடத்தில்தான்.

மனசுக்கும் இதே விதிதான். ஆன்மிகம் தன்னைத் தானே தணிக்கை செய்துகொண்டால், பூகம்பமும் கடவுளின் தீர்ப்பாகிவிடும். அறிவு தன்னைத் தானே தணிக்கை செய்துகொண்டால், திருட்டுக்கும் ஒரு நியாயம் கிடைத்துவிடும். காந்தி தன் நம்பிக்கையின் கணக்குப் புத்தகத்தை தாகூரிடமும் கோராவிடமும் திறந்து காட்டினார். சில பக்கங்களில் பிடிவாதமாக இருந்தார், சில பக்கங்களைத் திருத்தினார். கோரா தன் கொள்கையை ஒரு பிரார்த்தனை ஆசிரமத்துக்குள் எடுத்துப்போய், அங்கே கேட்கப்பட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். எதிராளியிடம் கணக்கைக் காட்டும் தைரியமும், திருத்தம் வந்தால் அதற்கான செலவை ஏற்கும் மனமும் உள்ளவருக்கு எந்த வழியும் நல்ல வழிகாட்டிதான். அவை இல்லாதவருக்கு இரண்டும் வெறும் போர்வை.

மறுபடியும் அந்தத் தேர்வு ஹால். பாதி நேரம் முடிந்திருக்கிறது. அடிஷனல் ஷீட் தீர்ந்துபோனதால் சூப்பர்வைசர் வெளியே போகிறார். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் இருக்கும். விபூதி வைத்தவனின் கை சட்டை மடிப்புக்குப் போகிறது. கோயில் வாசலில் சிரித்தவனின் கை பாக்கெட்டுக்குப் போகிறது.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் நான்காவது கணக்கில் சிக்கிக்கொண்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்துப் பெண்ணின் விடைத்தாள் நன்றாகவே தெரிகிறது. அவள் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறாள். பிறகு குனிந்து, அடித்த வரியை மறுபடி முதலிலிருந்து போட ஆரம்பிக்கிறாள். அவள் காலையில் கோயிலுக்குப் போனாளா இல்லையா என்று அந்த ஹாலில் யாருக்கும் தெரியாது.